பழைய பி450 போர்டில் ரைசன் 5600, ஆர்எக்ஸ் 6600: நீண்ட நாள் ஓட்டிய பிறகு

கேம் ஆடும் கம்ப்யூட்டரை முழுதாக மாற்றாமல் மேம்படுத்திய கதை இது. பழைய செட்டப் 2018 வாக்கில் பலரும் வாங்கிய அதே கூட்டணிதான்: பி450 மதர்போர்டு, ரைசன் 5 2600 ப்ராசஸர், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஒற்றை 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், 500 வாட் பவர் சப்ளை. இதில் போர்டு, கேபினட், பவர் சப்ளை மூன்றும் அப்படியே இருக்கின்றன. ப்ராசஸர் ரைசன் 5 5600 ஆனது, கார்டு ஆர்எக்ஸ் 6600 ஆனது. இரண்டு 8 ஜிபி ரேமும் ஒரு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டியும் சேர்ந்தன.

காசைக் கொண்டுபோய் முதலில் கார்டில் கொட்டுவதுதான் வழக்கம். அதற்கு முன் ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, கேம் ஓடும்போது ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு எவ்வளவு என்று பாருங்கள். 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டு திணறுகிறது. 60, 70 என்று ஆடினால் ப்ராசஸரோ ரேமோ பின்தங்குகிறது. சந்தேகமாக இருந்தால் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். ஃப்ரேம் ஏறவில்லை என்றால் புதுக் கார்டு வாங்கியும் பெரிய பயன் இருக்காது.

2600-லிருந்து 5600-க்குப் போனதில் கைக்குத் தெரிந்த மாற்றம் சராசரி ஃப்ரேம் அல்ல, நடுநடுவே வந்த திக்கல் குறைந்ததுதான். 2600-ல் 16 எம்பி எல்3 கேச் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) எட்டு எட்டாக இரண்டு கூறுகளில் பிரிந்து கிடக்கும். 5600-ல் 32 எம்பி ஒரே இடத்தில் இருக்கிறது, ஆறு கோர்களும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. கூட்டமான நகரக் காட்சிகளில் 1% லோ (மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகம்) ஏறுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். பெயரில் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் 5500-ல் எல்3 16 எம்பிதான். விலை கொஞ்சம் குறைகிறதே என்று அதை எடுத்தால் இந்த ஆதாயத்தில் கணிசமான பங்கு போய்விடும்.

ப்ராசஸரைக் கழற்றும் முன் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட். பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே செய்யுங்கள். அப்டேட் செய்யாமல் மாற்றிவிட்டு ஆன் செய்தால் திரை இருட்டாகவே நிற்கும். பென் டிரைவ் ஃபேட்32-ல் இருக்க வேண்டும். சில போர்டுகள் நேரடியாகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ விடாது, இடையில் ஒரு பதிப்பைப் போடச் சொல்லும். எனவே போர்டின் டவுன்லோடு பக்கக் குறிப்புகளை முழுதாகப் படியுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) ஓடினால் முதலில் அதை நிறுத்தி வையுங்கள், ரெகவரி கீயையும் வேறு எங்காவது எழுதி வையுங்கள். புது ப்ராசஸரோடு முதல்முறை ஆன் ஆகும்போது எஃப்டிபிஎம்-ஐ (அந்தப் பூட்டின் சாவியை வைத்திருக்கும் பாதுகாப்புப் பகுதி) ரீசெட் செய்யவா என்று போர்டு கேட்கக்கூடும். ஒய் அழுத்தினால் பழைய சாவி போய்விடும். அந்த நேரத்தில் கீயைத் தேடிக்கொண்டிருந்தால் டிரைவ் பூட்டியேதான் கிடக்கும்.

இந்த போர்டின் ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் ப்ராசஸர்கள் கூலரைக் கழற்றும்போது சாவதுண்டு. பழைய பேஸ்ட் இறுகிப்போய் ப்ராசஸரையும் கூலரோடு சாக்கெட்டிலிருந்து பிடுங்கி எடுத்துவிடும், பின்கள் வளையும். பத்து நிமிடம் ஒரு கேமை ஓட்டிச் சூடாக்கி, ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்டதும் தூக்குங்கள். நேராக மேலே இழுக்கவே கூடாது. ப்ராசஸரோடு பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் என்றால் நான்கு ஸ்க்ரூவும் போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில்தான் பிடித்திருக்கும். நான்கும் கழன்றதும் தகடு பின்பக்கம் விழும், ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

ரேமை ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். 3200 என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யாதவரை பெரும்பாலும் 2133, 2400 போன்ற குறைந்த வேகத்தில்தான் ஓடும். இதைக் கவனிக்காமல் வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் ஏராளம். பழைய ஸ்டிக்கோடு வேறொரு ஸ்டிக்கைச் சேர்த்தால் சில சமயம் ஓடும், சில சமயம் எக்ஸ்எம்பியில் பூட் ஆகாது. ஜோடியாக வாங்கியது இந்தத் தலைவலியைத் தவிர்க்கத்தான்.

ஆர்எக்ஸ் 6600-ஐ எடுக்கக் காரணம் மின்சாரக் கணக்கு. 1060 இழுத்தது 120 வாட், இது 132 வாட், ஒரே ஒரு 8 பின் மின் கேபிள் போதும். அதனால் நல்ல நிலையில் இருந்த பவர் சப்ளைக்கு வேலை வரவில்லை. உங்களுடையதில் 6 பின் மட்டும் இருந்தால் மோலெக்ஸ் கன்வெர்ட்டர் போட்டு ஒப்பேற்றாதீர்கள். அப்போது பவர் சப்ளையையும் பட்ஜெட்டில் சேருங்கள். மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளை மாற்றினால் பழைய கேபிள்களை விட்டுவைக்காதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம், அந்தக் கேபிளில் ஓடும் ஹார்ட் டிஸ்கோ சாட்டா எஸ்எஸ்டியோ புகைந்துபோகலாம்.

பி450 பிசிஐஇ 3.0 போர்டு, அதாவது கார்டும் போர்டும் தரவு பரிமாறும் பாதை பழைய தலைமுறை. 6600 எட்டு லேன் (தடம்) கார்டு என்பதால் இழப்பு சொற்பம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 6400 போன்றவை நான்கே லேன். பழைய போர்டில் அவற்றின் வேகம் நன்றாகவே அடிவாங்கும். பழைய கம்ப்யூட்டருக்கு மலிவான கார்டு என்று பரிந்துரைக்கப்படுபவை இவைதான் என்பது வேடிக்கை. என்விடியாவிலிருந்து மாறும்போது பழைய டிரைவரை சேஃப் மோடில் டிடியு என்ற நீக்கும் மென்பொருளை வைத்துத் துடைத்துவிடுங்கள். ரீசைஸபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் நேரடியாக அணுகும் வசதி) ஆன் செய்ய பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறை ஆஃப் ஆக வேண்டும். பழைய விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறை வட்டில் இருந்தால் அதன்பின் பூட் ஆகாது. புது எஸ்எஸ்டியில் ஜிபிடி என்ற புதிய முறையில் புதிதாக விண்டோஸ் போட்டுவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

நாள்பட்ட பிறகு தெரிந்த குறைகள். 1080பி-யில் பெரும்பாலான கேம்கள் ஹை செட்டிங்கில் சுகமாக ஓடுகின்றன, ஆனால் புதியவற்றில் கார்டின் 8 ஜிபி விரேம் (கார்டின் சொந்த நினைவகம்) நிரம்புகிறது. நிரம்பினால் பிசிஐஇ 3.0-ன் குறைந்த வேகமும் சேர்ந்து படம் சட்டென்று நிற்கும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் சரியாகிவிடும். ஒளியைத் தத்ரூபமாகக் காட்டும் ரே ட்ரேசிங்கை மறந்துவிடலாம். ஸ்டெல்த் கூலர் தாக்குப்பிடிக்கிறது, ஆனால் இரைச்சல். ப்ராசஸரின் வோல்டேஜைக் குறைக்கும் பயாஸ் அமைப்பான கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 15 வைத்தால் சூடு குறையும். அது ஒத்துவராத ப்ராசஸர் முழு லோடில் அல்ல, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். அதனால் ஸ்ட்ரெஸ் டெஸ்டில் பாஸ் ஆனதை நம்பி இருந்துவிடாதீர்கள். இந்த வயது போர்டில் கடிகாரம் பின்தங்கினாலோ எக்ஸ்எம்பி தானாக ஆஃப் ஆனாலோ போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.

இதே சாக்கெட்டில் 5700எக்ஸ்3டி போன்ற வேகமான ப்ராசஸருக்கும் ஏறலாம். 6600-ஐ வைத்துக்கொண்டு அதை வாங்குவது வீண். கார்டை மாற்றும் அன்று யோசிக்கலாம். 5700எக்ஸ்3டி 105 வாட் டிடிபி (கூலர் சமாளிக்க வேண்டிய வெப்ப அளவு) என்பதால் ஸ்டெல்த்துக்குப் பதிலாக ஒரு டவர் கூலரும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.