வெப்பமானித் துப்பாக்கி: போறணைக்கு வாங்கலாம், தங்கத்துக்கு வேண்டாம்

திருமலைக் கடைகளில் இப்போது தொங்குகிற, தொடாமலே வெப்பநிலை சொல்லும் துப்பாக்கியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. விசையை அழுத்தினால் உடனே எண் வரும். −50 முதல் 550 பாகை செல்சியஸ் வரை அளக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. நான் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவன், மாமா தங்க வேலை செய்பவர், ரெண்டு பேருக்கும் பயன்படும் என்று ஒன்று வாங்கினோம். கடைக்காரர் "தங்கம், வெள்ளி, இரும்பு எல்லாத்துக்கும் பிடிக்கலாம்" என்று சொல்லித்தான் தந்தார். அந்த ஒரு பேச்சுத் தவிர மற்றபடி பொருள் நல்ல பொருள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பேக்கரிப் போறணையின் செங்கல் சுவர், கருகிப் பழகிய கொத்துத் தட்டு, மதிய வெயிலில் தார் வீதி, ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும் மீன், இவற்றுக்கெல்லாம் நம்பிப் பிடிக்கலாம். கன்னியாவுக்கும் கொண்டுபோனேன். வெந்நீர்க் கிணறு ஏழுக்கும் சூடு ஒன்றுபோல இல்லை என்று சின்ன வயதிலிருந்து எல்லோரும் சொல்லிக் கேட்டது எண்ணாகவே தெரிந்தது. இந்தக் கருவி வாங்குவது சூடான பொருள் விடும், கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரை. நீர் அதை நன்றாகக் காலும் (வெளிவிடும்) பொருள் என்பதால் அங்கே இந்தக் கருவிக்கு வேலை சுலபம். ஆனால் அது நீரின் மேல்தோலை மட்டும்தான் பார்க்கிறது, ஆவியாதலால் அந்தத் தோல் உள்ளே இருப்பதைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும், அதனால் வாளியில் அள்ளிச் சாதாரண வெப்பமானியை இறக்கினால் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும்.

ஒன்றைக் கவனியுங்கள், விசையை அழுத்தும்போது பொருள்மேல் விழும் அந்தச் சிவப்புப் புள்ளி எதையும் அளப்பதில்லை. அது குறிபார்க்க மட்டும். கருவி பார்ப்பது அதைச் சுற்றிய ஒரு வட்டத்தை. 12:1 என்று போட்டிருந்தால் 60 சென்டிமீற்றர் தூரத்தில் 5 சென்டிமீற்றர் அகல வட்டம். காய்ச்சல் பார்க்கவும் இதை எடுக்காதீர்கள், அதற்கு வேறு கருவி இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். இந்தத் துப்பாக்கி வெப்பநிலையை நேரே அளப்பதில்லை. பொருளிலிருந்து வரும் கதிர்ப்பை வாங்கி, "இந்தப் பொருளின் காலல்திறன் (கதிரை வெளிவிடும் திறன், உச்சம் 1) 0.95" என்று தானாகவே வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. செங்கல், நீர், உணவு, தோல் எல்லாம் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். பளபளப்பான உலோகம் அப்படி இல்லை, 0.1க்கும் கீழே போய்விடும். நன்றாகத் துலக்கிய பித்தளைச் செம்பில் கொதிநீர் ஊற்றிப் பாருங்கள், கருவி 40ஐக்கூட எட்டாது, கையை வைத்தால் சுட்டுவிடும். அதே செம்பில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, டேப்பின்மேல் பிடியுங்கள், 90ஐத் தொடும். என் மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறை வேறில்லை.

மாமாவின் பட்டறையில் நிலைமை இன்னும் மோசம். தங்கம் உருகுவது 1064 பாகையில், கருவியின் எல்லையோ 550. மூசைக்குள் மின்னும் தங்கத்துக்கு நேரே பிடித்தால், மூசையின் சுவரும் ஊதும் சுவாலையும் சேர்ந்து எண் தாவிக்கொண்டே இருக்கிறது. மாமா அதைப் பார்க்கவே இல்லை. நிறத்தைப் பார்த்தே இறக்கினார். அவர் கண் செய்வதும் கதிர்ப்பை வைத்து வெப்பநிலை சொல்வதுதான், ஆனால் அவர் கண்ணுக்குத் தங்கம் பழகியிருக்கிறது, இந்தக் கருவிக்குப் பழகவில்லை.

இந்தச் சிக்கல் நம்மூர்ப் பட்டறையோடு நிற்கவில்லை. வியாழனின் உட்பகுதியில் இருப்பது போன்ற, திண்மத்தின் அடர்த்தியோடு பல்லாயிரம் கெல்வின் (செல்சியஸோடு 273 கூட்டினால் வரும் அளவு) சூட்டில் இருக்கும் சடப்பொருளை ஆய்வுகூடத்தில் உண்டாக்குகிறார்கள். லேசரால் அடித்து உண்டாக்கினால் அது மிகக் குறுகிய நேரத்துக்குள் சிதறிவிடும், வெப்பவிணை (தொட்டு வெப்பநிலை அளக்கும் உலோகக் கம்பி) எதையும் அதற்குள் நுழைக்க முடியாது. வெளியே வரும் ஒளியை வைத்துச் சொல்லலாம் என்றால், கன்னியாக் கிணறு மாதிரி மேல்தோல்தான் தெரியும், உள்ளே ஒளி ஊடுருவாது. போதாததற்கு லேசர் முதலில் இலத்திரன்களைத்தான் சூடாக்குகிறது, அயன்கள் (இலத்திரன் இழந்த அணுக்கள்) சில பிக்கோ செக்கன் (செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) கழித்துத்தான் சூடாகும், ஆக ஒரே துண்டுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு வெப்பநிலை. யாருடைய வெப்பநிலை என்று கேட்காமல் எண்ணுக்குப் பொருளே இல்லை. நீண்டகாலமாக இந்த எண்கள் ஏதோ ஒரு கோட்பாட்டு மாதிரியைத் துணைக்கு வைத்துத்தான் வந்தன, அதாவது நம் துப்பாக்கியின் 0.95 போல ஒன்று எப்போதும் உள்ளே ஒளிந்திருந்தது.

அதனால்தான் 2025 ஜூலையில் நேச்சர் இதழில் வந்த தங்கப் பரிசோதனை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. நெவாடாப் பல்கலைக்கழகத்தின் டொம் வைட், கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தின் பொப் நாக்லர் குழுவினர், 50 நனோமீற்றர் தடிப்பான தங்கத் தாளை 45 பெம்டோ செக்கன் (பிக்கோ செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு பெம்டோ) லேசர்த் துடிப்பால் அடித்து, அதன்மேல் உடனே எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார்கள். எக்ஸ் கதிர் தாளின் உள்ளே வரை போகும். அதிரும் அயன்களில் பட்டுத் திரும்பும்போது டொப்ளர் விளைவால் அதன் மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) சற்று விரிகிறது. நிலாவெளி பஸ் கிட்ட வரும்போதும் தாண்டிப் போகும்போதும் ஹோன் சத்தம் மாறுகிறதே, அதே விஷயம். அயன்கள் எவ்வளவு வேகமாக ஆடுகின்றன என்பது அந்த விரிவில் நேரே பதிந்திருக்கும், வெப்பநிலை என்பதே அந்த ஆட்டம்தான். அந்தச் சூட்டில் தங்க அயனின் வேகம் செக்கனுக்கு 900 மீற்றர் அளவில் வரும், ஆனால் ஒளியின் வேகத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை, ஆகவே மீடிறன் மாறுவது பத்து இலட்சத்தில் ஒரு சில பங்கு மட்டுமே. அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதை நினைக்க எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

வந்த விடை 19,000 கெல்வின். கெல்வின் கணக்கில் உருகுநிலையைப் போல 14 மடங்கு. அந்த நேரத்தில் தங்கம் இன்னும் பளிங்காகவே (அணுக்கள் ஒழுங்காக அடுக்கியபடி), திண்மமாகவே இருந்தது! உருகுநிலையின் 3 மடங்கு அளவுக்கு மேல் எந்தத் திண்மமும் திண்மமாக நிற்காது என்று 1988இல் ஒரு எல்லை சொல்லியிருந்தார்கள். தங்கம் விரிவதற்கே நேரம் கிடைக்காத வேகத்தில் சூடேற்றியதால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. அவர்கள் போனது அளக்கும் முறையைச் சோதிக்க, கிடைத்தது இது. முன்கூட்டி எதையும் ஊகிக்காமல் அளந்ததால்தான் இப்படி எதிர்பாராத எண்ணையும் நம்ப முடிந்தது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். பேக்கரி, சாப்பாட்டுக் கடை, மீன் வியாபாரம், பாடசாலை ஆய்வுகூடம் என்றால் வாங்குங்கள், கொடுத்த காசுக்கு உழைக்கும். தங்க, வெள்ளி வேலைக்காரர் இந்த வகையை வாங்கவே வேண்டாம். மற்ற உலோக வேலைக்கு, காலல்திறனை மாற்றக்கூடிய மொடலைக் கேளுங்கள், விலை கொஞ்சம் கூட. கடையிலேயே பொத்தானை அழுத்தி 0.95 என்ற எண் உண்மையிலேயே மாறுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள், பெட்டியில் "மாற்றலாம்" என்று அச்சடித்திருந்தும் உள்ளே அந்த வசதி இல்லாத கருவியும் விற்கிறார்கள். டேப் ஒரு சுருளும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.