நம்பரைக் கொடுத்துவிட்டுத் தவிக்காதீர்கள்: வீட்டுக்கு இணையத் தொலைபேசி எடுத்து நான் பட்ட பாடு

"உங்க அக்காவுக்கு என் மேல என்னடா கோபம்? நான் பேசப் பேச அவ வாயே திறக்க மாட்டேங்கிறா" என்று அம்மா கேட்டார். அதே நேரத்தில் அக்காவிடமிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி: "அம்மா பேசறது எனக்கு நல்லாக் கேக்குது. நான் பதில் சொன்னா ஹலோ ஹலோன்னு கத்திட்டு வெச்சிடறாங்க. காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடா."

அம்மாவின் காதில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு முழுக்க நான் ஆசைப்பட்டு வாங்கி வைத்த இணையத் தொலைபேசியில் இருந்தது. அது எப்படி ஆரம்பித்து எங்கே போய் முடிந்தது என்பதை, வீட்டு லேண்ட்லைனை விட்டு இப்படி ஒன்றுக்கு மாறலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. அவர்களோடு என் கணக்கு இன்னும் தீரவில்லை. அதோடு, இதே மாதிரி நடந்துகொள்ளும் நிறுவனங்கள் வேறு சிலவும் உண்டு.

பழைய லேண்ட்லைன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வெளிநாட்டில் இருக்கிறாள், அழைப்புக் கட்டணம் கடிக்கிறது, "வெளிநாடுகளுக்கும் வரம்பற்ற அழைப்பு" என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. அவ்வளவுதான் காரணம். ஒரு சின்ன அடாப்டர் அனுப்பினார்கள். ஒரு பக்கம் ரவுட்டரிலிருந்து வரும் கேபிள், மறுபக்கம் பழைய போனின் ஒயர். செருகியதும் டயல் டோன் வந்தது. அம்மாவுக்குப் பழகிய அதே போன், அதே பட்டன்கள். ஆஹா என்றிருந்தது.

அந்த ஆஹாவில்தான் முதல் தப்பைச் செய்தேன். ஆரம்பத்தில் ஒரு தற்காலிக நம்பர் தந்திருந்தார்கள். அதில் ஒரு மாதமாவது பேசிப் பார்த்திருக்க வேண்டும். நானோ டயல் டோனைக் கேட்ட அன்றே பழைய நம்பரை இங்கே மாற்றிக் கொடுங்கள் என்று விண்ணப்பம் போட்டேன். முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. பழைய பில்லில் அப்பா பெயர் இனிஷியலோடு இருக்க, நான் என் பெயரில் விண்ணப்பித்திருந்தேன். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டுமாம். திருத்திக் கொடுத்து, நம்பர் வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் பழைய இணைப்பை வெட்டாமல் வைத்திருந்தது மட்டும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். பெரும்பாலும் இணைப்பு உயிரோடு இருந்தால்தான் நம்பரை மாற்ற முடியும்.

நம்பர் வந்த பிறகு தொந்தரவு தொடங்கியது. சில நாள் அக்கா குரல் அம்மாவுக்குக் கேட்காது. சில நாள் இரண்டு பக்கமும் கேட்கும், ஆனால் அழைப்பு நடுவில் அறுந்துவிடும். இரண்டு மூன்று முறை ஆனதும் கைப்பேசியில் ஸ்டாப்வாட்சைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். 32 விநாடி. மறுபடி கூப்பிடச் சொன்னேன். மறுபடி 32 விநாடி. மூன்றாம் முறையும் அதே. மோசமான இணைப்பு ஒருநாள் பத்து விநாடியில் அறும், இன்னொரு நாள் பத்து நிமிடம் தாங்கும். இப்படிக் கடிகாரம் பார்த்து அறாது.

வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால் ஒரே பதில்: "சார், உங்க இன்டர்நெட் ஸ்பீடு பத்தாது, பெரிய பிளானுக்கு மாறுங்க." இதைச் சொன்னவர்கள் நான்கு பேர், நான்கு வெவ்வேறு நாளில். நானும் மாறினேன், பிளானை மாற்றித் தொலைத்தேன். அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குரலை எண்களாக மாற்றும் சாதாரண ஜி.711 முறையில் குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் போதும். குரலைத் துண்டு துண்டாகச் சுமக்கும் தரவுப் பொட்டலங்களின் தலைப்புகளையும், அதாவது முகவரி போன்ற கூடுதல் தகவல்களையும் சேர்த்தால் ஒரு திசைக்கு 80 முதல் 90 கிலோபிட் ஆகும். என் பழைய பிளானிலேயே மேலே போகும் (அப்லோடு) வேகம் நொடிக்கு 10 மெகாபிட். கணக்குப்படி நூறு பேர் ஒரே நேரத்தில் பேசலாம். எங்கள் வீட்டில் பேசுவது அம்மா ஒருவர்தான்.

வேகத்தைக் காட்டிலும் தாமதம்தான் போன் பேச்சைக் கெடுக்கும். குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேர 150 மில்லிவிநாடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அந்தத் தாமதமும் ஒரே சீராக இருக்க வேண்டும். வீட்டில் யாராவது பெரிய வீடியோவை மேலே ஏற்றிக்கொண்டிருந்தால் குரல் பொட்டலங்கள் அதன் பின்னால் வரிசையில் நின்று தாமதமாகும், பேச்சு துண்டு துண்டாக வரும். அதற்கு ரவுட்டரில் போன் அழைப்புக்கு முன்னுரிமை வைத்தால் போதும், பிளானை மாற்ற வேண்டியதில்லை. இதையும் அந்த நால்வரில் ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தது என் சித்தப்பா மகன். நெட்வொர்க் வேலையில் இருப்பவன். 32 விநாடி என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே, "அண்ணா, ரவுட்டர்ல எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.ன்னு ஒரு டிக் இருக்கும், அதை எடுங்க" என்றான். எடுத்தேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன். அன்று அம்மாவும் அக்காவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். என்னைப் பற்றித்தான் பாதி நேரம்.

அவன் விளக்கியது இது. இணையத் தொலைபேசியில் அழைப்பை ஏற்படுத்தும் செய்தி வேறு, குரல் வேறு. குரலிலும் போவது தனி ஓட்டம், வருவது தனி ஓட்டம். அழைப்புச் செய்திக்குள் "என்னை இந்த முகவரியில் பிடி" என்று எழுதியிருக்கும். ரவுட்டரில் இருக்கும் இந்த வசதி உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அந்த முகவரியைத் திருத்தும். பல ரவுட்டர்களில் தப்பாகத் திருத்தும். ஒரு ஓட்டம் வழி தவறினால் ஒரு பக்கம் மட்டும் கேட்கும். 32 விநாடிக்கும் காரணம் உண்டு. போனை எடுத்ததும் நம் கருவி "எடுத்துவிட்டேன்" என்று செய்தி அனுப்பி, "சரி" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வழி தவறிப் போனால் மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். இணைய அழைப்புகளை ஏற்படுத்தும் விதிமுறையான எஸ்.ஐ.பி.யின் 2002-ஆம் ஆண்டுப் பதிப்புப்படி அந்தக் காத்திருப்பு 32 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் தானே துண்டித்துவிடும். இணையத் தொலைபேசி விற்பவர்களுக்கு இது அரிச்சுவடி. தெரிந்தும் சொல்லவில்லையா, தெரியாதவர்களை உட்கார வைத்திருந்தார்களா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பேசும்போது வந்த தொல்லை போயிற்று. ஆனால் வெளியிலிருந்து கூப்பிட்டால் சில நேரம் மணியே அடிக்காது. அடாப்டர் சும்மா இருந்தால் ரவுட்டர் அதற்கான வழியைச் சிறிது நேரத்தில் மூடிவிடும். அது மூடாமலிருக்க அடாப்டர் அவ்வப்போது ஒரு சின்னச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். அடாப்டரில் ஓர் அமைப்பை மாற்றினால் தீரும் விஷயம். மாற்றப் போனால் கடவுச்சொல் கேட்டது. நிறுவனத்தைக் கேட்டால், அது எங்கள் பாதுகாப்புக்காகப் பூட்டப்பட்டது என்றார்கள். சரி, நீங்களே மாற்றிக் கொடுங்கள் என்றால், அப்படி ஒரு வசதி இல்லை. வேறு நிறுவனத்தோடும் இந்த அடாப்டரை இணைக்க முடியாது. "இலவசம்" என்று கொடுத்த பெட்டிக்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

இதற்கு நடுவில் பில் வந்தது. "வரம்பற்ற" என்பதற்கு அவர்கள் அகராதியில் இரண்டு அடிக்குறிப்புகள். ஒன்று, வெளிநாட்டு லேண்ட்லைன்களுக்குத்தான் வரம்பு இல்லை, கைப்பேசிக்குப் பேசினால் நிமிடக் கணக்கு. என் அக்கா உட்பட எனக்குத் தெரிந்த யாரிடமும் இப்போது லேண்ட்லைன் கிடையாது. 61 விநாடி பேசினால் அது இரண்டு நிமிடம். மற்றொன்று, "நியாயமான பயன்பாடு". எவ்வளவு பேசினால் நியாயம் என்று விளம்பரத்தில் இல்லை, ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு பத்தியில் இருந்தது. அம்மா அநியாயமாகப் பேசிவிட்டார் என்று ஒரு எச்சரிக்கை மின்னஞ்சல் கூட வந்தது. அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "யாருடா அவன்?" என்றார்.

பில்லாவது பணத்தோடு போயிற்று. ஒரு மாலை மின்சாரம் போனபோது அம்மாவுக்குத் தலைசுற்றல். கைப்பேசியில் சார்ஜ் இல்லை. பழக்கத்தில் வீட்டுப் போனை எடுத்திருக்கிறார். சத்தமே இல்லை. பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் கம்பி வழியாக வரும். அங்கே பேட்டரி இருக்கும், அதனால் வீடு இருண்டாலும் போன் பேசும். இணையத் தொலைபேசிக்கு மோடம், ரவுட்டர், அடாப்டர் மூன்றுக்கும் நம் வீட்டு மின்சாரம் வேண்டும். மூன்றில் ஒன்று அணைந்தாலும் போன் ஊமை. நல்ல வேளையாக நான் பத்து நிமிடத்தில் வீடு திரும்பிவிட்டேன், அம்மாவுக்கும் ஒன்றுமில்லை. அன்றிரவு உட்கார்ந்து ஒப்பந்தத்தின் அவசர அழைப்புப் பகுதியைப் படித்தேன். நாம் பதிந்து கொடுத்த முகவரியைத்தான் அவசர சேவைக்கு அனுப்புவார்களாம். வீடு மாறி, அடாப்டரைக் கையோடு எடுத்துப்போய்ச் செருகினாலும் நம்பர் வேலை செய்யும். ஆனால் முகவரியைத் திருத்தாவிட்டால் ஆம்புலன்ஸ் பழைய வீட்டு வாசலில் போய் நிற்கும். அவசர எண்ணுக்கு அழைப்பே தராத நிறுவனங்களும் உண்டு. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் கையெழுத்துக்கு முன் இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மோடம், ரவுட்டர், அடாப்டர் மூன்றையும் தாங்கும் ஒரு யு.பி.எஸ். வைக்க வேண்டும். அபாய மணியோ பழைய ஃபேக்ஸோ லேண்ட்லைனில் இணைத்திருந்தால் அவை இதில் ஓடுமா என்றும் முன்பே கேளுங்கள்.

இனி போதும் என்று முடிவு செய்தேன். முப்பது நாளில் திருப்பித் தந்தால் முழுப் பணம் என்ற உறுதி இருந்தது. நம்பர் வந்து சேர்வதற்குள்ளேயே அதில் பெரும்பகுதி ஓடிவிட்டது. அந்த முப்பது நாளை அவர்கள் அடாப்டரை அனுப்பிய தேதியிலிருந்து எண்ணியிருந்தார்கள். ஒப்பந்தக் காலம் முடியும் முன் விலகினால் அபராதம். சரி, அபராதத்தையும் கட்டுகிறேன், நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கணக்கு எண்ணும், அதற்கான ரகசிய பின் (PIN) எண்ணும் கொடுங்கள் என்றேன். மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். படிவம் வரும் என்றார்கள். வரவில்லை. மறுபடி கூப்பிட்டால் புதிதாக ஒருவர், முதலிலிருந்து கதை. இரண்டு வாரம் இப்படிப் போனது.

அடுத்து நான் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஒருநாள் நாற்பது நிமிடம் இசை கேட்கவைத்த பிறகு வந்தவரிடம், "எனக்கு உங்க சர்வீஸே வேண்டாம், இப்பவே கேன்சல் பண்ணுங்க" என்று கத்தினேன். அதுவரை ஒரு வேலையும் உடனே செய்யாதவர்கள், அதை மட்டும் ஐந்து நிமிடத்தில் செய்து முடித்தார்கள். கணக்கு மூடப்பட்டது. கணக்கோடு நம்பரும் போனது. ஓடாத கணக்கிலிருந்து நம்பரை மாற்ற வழியில்லை என்று அமைதியாகச் சொன்னார்கள். அப்பா காலத்திலிருந்து இருந்த நம்பர். சொந்தக்காரர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தது. முதல் முறை மூன்று வாரம் பொறுமையாகப் பழைய இணைப்பை வைத்திருந்த அதே ஆள்தான் இரண்டாம் முறை ஆத்திரத்தில் கெடுத்துக்கொண்டேன். ஒழுங்குமுறை அமைப்புக்குப் புகார் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

நீங்கள் விலகுவதாக இருந்தால், முதலில் புதிய நிறுவனத்தின் மூலமாக நம்பர் மாற்ற விண்ணப்பம் போடுங்கள். நம்பர் அங்கே போய், வெளியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு மணி அடித்து, நீங்கள் எடுத்துப் பேசிய பிறகுதான் பழையவர்களிடம் "கேன்சல்" என்ற சொல்லை உச்சரிக்க வேண்டும். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் இந்த வரிசை மாறாது.

இப்போது வேறொரு நிறுவனத்தில் இருக்கிறேன். அடாப்டர் நானே கடையில் வாங்கியது, பூட்டு இல்லாதது. மாத ஒப்பந்தம்தான். முதல் ஆறு வாரம் அவர்கள் தந்த தற்காலிக நம்பரில், கைப்பேசிச் செயலி வழியாக, காலை, மாலை, மழை நாள் என்று பேசிப் பார்த்தேன். சேர்வதற்கு முன் நான் கேட்ட முதல் கேள்வி, "உங்களை விட்டுப் போகணும்னா என்ன செய்யணும்?" எதிர்முனையில் இருந்த பெண் ஒரு கணம் தயங்கினார். பிறகு, "கணக்குப் பக்கத்துல கீழே பின் நம்பர் இருக்கும் சார், எப்ப வேணா எடுத்துக்கலாம்" என்றார். உள்ளே போய்ப் பார்த்தேன், இருந்தது. தாளில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன்.

புது நம்பர் அம்மாவுக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. யாராவது கேட்டால் போனைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறார்.