குழித்துறை சப்பாத்துக்குக் கேமராவா, செயற்கைக்கோளா?

மழைக்காலத்தில் அணை நிலவரம் பார்க்காமல் பேப்பரை மடிப்பவர்கள் குமரி மாவட்டத்தில் குறைவு. பேச்சிப்பாறையில் 48 அடிக்கு எவ்வளவு, பெருஞ்சாணியில் 77 அடிக்கு எவ்வளவு, சிற்றாறு இரண்டிலும் 18 அடிக்கு எவ்வளவு. ஆனால் அது அணையின் கணக்கு. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து குழித்துறை சப்பாத்துக்கு (ஆற்றின் குறுக்கே உள்ள தாழ்வான பாலம்) வரும்போது, அணைக்குக் கீழே ரப்பர் தோட்டங்களில் பெய்த மழையும் கூடவே இறங்கி வருகிறது. அந்தத் தண்ணீர் இந்த நிமிடம் எந்த மட்டத்தில் ஓடுகிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்லக் கம்ப்யூட்டரைப் பழக்கிவிடலாம். படத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் போட்டி.

முதலில் செயற்கைக்கோள். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் வகைதான் வெள்ளத்துக்கு உதவும். ஐரோப்பாவின் சென்டினல்-1, 2022 பிப்ரவரியில் இஸ்ரோ ஏவிய இஓஎஸ்-04 இரண்டும் அந்த வகை. அசையாத தண்ணீர் ரேடார் அலையைக் கண்ணாடி மாதிரி வேறு பக்கம் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். அந்தக் கறுப்பை அடையாளம் கண்டால் வெள்ள வரைபடம் தயார்.

நம் மாவட்டத்தில் இதற்கு இரண்டு வில்லங்கம். கும்பப்பூ சாகுபடிக்கு நாற்று நட்ட ஏலாவிலும் (வயல்வெளி) அதே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தண்ணீர் நிற்கும்; அதுவும் கறுப்புதான். மேற்கே ரப்பரும் தென்னையும் அடர்ந்த இடத்திலோ இதற்கு நேர்மாறு. இந்த ரேடார்களின் அலைநீளம் ஐந்தாறு சென்டிமீட்டர்தான், இலைகளில் பட்டே பெரும்பாலும் சிதறிவிடும். அடியில் முழங்கால் தண்ணீர் ஓடினாலும் படத்தில் தெரியாமல் போகலாம். இதோடு நேரமும் இடிக்கிறது. ஒரு சென்டினல்-1 அதே தடத்துக்குத் திரும்ப 12 நாள், இரண்டு சேர்ந்து சுற்றினால் 6 நாள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை இரண்டு நாள் சமாச்சாரம். நம் ஆறுகளோ மலையில் பிறந்து சில மணி நேரத்தில் கடலைத் தொடுபவை. எச்சரிக்கைக்கு இதை நம்ப முடியாது. நிவாரணக் கணக்கெடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

ட்ரோனுக்கு ஒரு பத்தி போதும். காற்றும் மழையும் அடிக்கும்போது அது பறக்காது, பேட்டரியும் அரை மணி தாங்கினால் பெரிது. ஆனால் 2021 நவம்பர் மழைக்குப் பிறகு நடந்ததுபோல் குளக்கரையும் கால்வாய்க்கரையும் உடைந்தால், உடைப்பு எங்கே என்று தேட அதைவிட வேகமான வழி கிடையாது.

பாலத்தில் நிரந்தரமாக மாட்டும் கேமராவுக்கு வருவோம். என் ஓட்டு இதற்குத்தான், நிபந்தனையோடு. படத்தில் எது தண்ணீர், எது கரை என்று மாடல், அதாவது படங்களைக் காட்டிப் பழக்கிய கம்ப்யூட்டர் நிரல், பிரித்துவிடும். பாலத்தூணில் உயரம் தெரிந்த சில புள்ளிகளைக் குறித்து வைத்திருந்தால், தண்ணீர் விளிம்பு எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று கணக்காகிவிடும். மிதந்து வரும் சருகையும் நுரையையும் அடுத்தடுத்த படங்களில் தொடர்ந்து, மேற்பரப்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்றும் பார்க்கலாம்.

இதற்குப் போட்டி, பாலத்துக்கு அடியில் தொங்கி நீர்மட்டத்தை அளக்கும் ரேடார் மட்டமானி. இருட்டோ மழையோ அதற்குப் பிரச்சினை இல்லை, அளவும் துல்லியம். கேமரா அப்படியில்லை. இரவில் அகச்சிவப்பு விளக்கைப் போட்டால் மழைத்துளி வெள்ளைக் கோடாகத் தெரியும், வெளிச்சத்துக்கு வரும் பூச்சியைப் பிடிக்கச் சிலந்தி லென்சிலேயே வலை கட்டும். (தொழில்நுட்பத்தைத் தோற்கடிக்கப் பெரிய புயலெல்லாம் வேண்டாம்.) காற்றில் கம்பம் கொஞ்சம் சாய்ந்தாலும் கணக்கு மாறும். ஆனால் மட்டமானிக்குத் தெரிந்தது ஒரே ஒரு எண். குழித்துறை சப்பாத்துப் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிய பிறகும் ஒருவர் பைக்கை உருட்டிக்கொண்டு போகிறார் என்பதையோ, மரம் வந்து தூணில் மாட்டி ஆற்றை அடைக்கிறது என்பதையோ அது சொல்லாது. கேமரா சொல்லும்.

அதனால் குழித்துறையில் இரண்டையும் சேர்த்தே வைக்க வேண்டும்: மட்டத்துக்கு ரேடார், காட்சிக்குக் கேமரா. கணக்கைக் கேமரா பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டியில் முடித்து, எண்ணை மட்டும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பச் செய்யலாம். மழையில் கரண்டும் போய் டவரும் திணறும் நேரத்தில் வீடியோ அனுப்பப் பார்த்தால் ஒன்றும் போய்ச் சேராது.

அடுத்தது ஒழுகினசேரி, பழையாற்றுப் பாலம். அங்கே ஆகாயத்தாமரை ஆற்றையே மூடிக் கிடந்தால், வெளியூர்ப் படங்களில் பழகிய மாடல் அதைப் புல்தரை என்று சொல்லிவிடும். ஒரு பருவமழை முழுக்க அந்தப் பாலத்திலேயே படம் எடுத்து மாடலைப் பழக்கிய பிறகுதான் அதன் பேச்சைக் கேட்டு சைரன் ஊத வேண்டும். அதுவரை தூணில் பெயிண்ட் அடித்த அளவுகோலும் அதைப் பார்த்துக் குறிக்கும் ஆளும் இருக்கட்டும். கேமரா சொன்னது சரியா என்று ஒத்துப்பார்க்கவும் அந்தக் குறிப்புதான் வேண்டும்.