அழுமூஞ்சி மீட்டர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் நண்பன் ஒரு லிங்க் அனுப்பியிருந்தான். "மச்சி, நீ டிராகன் பெட்டியில மாட்டியிருக்கிற மீட்டர் இதுதானே? பாதி விலைக்கு வந்திருக்கு, வாங்கிடவா?" டிராகன் என்றால் நான் பெட்டியில் வளர்க்கும் பியர்டட் டிராகன் என்ற பெரிய பல்லி, மீட்டர் என்றால் அந்தப் பெட்டியின் ஈரப்பதமும் வெப்பநிலையும் காட்டும் கருவி. ஒரு வரியில் பதில் போட நினைத்தேன். டைப் அடிக்க அடிக்கக் கோபம் ஏறியதில் அது இவ்வளவு நீளமாகிவிட்டது.

மாடலை விவரிக்கத் தேவையில்லை, எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கறுப்பு டப்பா, பெரிய எழுத்தில் ஈரப்பதம், சின்ன எழுத்தில் வெப்பநிலை, வால் மாதிரி ஒரு வயர், அதன் நுனியில் சென்சார், இரண்டு பட்டன் செல். திரையின் ஓரத்தில் ஒரு முகம் இருக்கும். என் பிரச்சினையே அந்த முகம்தான்.

ஈரப்பதம் நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் இருந்தால் அது சிரிக்கும். அறுபதைத் தாண்டினால் உதட்டைப் பிதுக்கிக்கொள்ளும். நான் இருப்பது புதுச்சேரி குருசுக்குப்பம். மொட்டைமாடிக்குப் போனால் கடல் தெரியும். இந்த ஊரில் அறுபதைத் தாண்டாத ராத்திரி ஏது? காலையில் செம்பருத்திப்பூவும் முருங்கைக்கீரையும் நறுக்கி எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தால், உள்ளே இருக்கிறவன் சாப்பாட்டைப் பார்த்துத் தலையை ஆட்டுவான். வெளியே இது அழுதுகொண்டிருக்கும். அம்மாவுக்கு அது பல்லியின் உடல்நிலையைக் காட்டும் படம் என்று எண்ணம். "ஏன்டா அழுவுது, அதுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டு, காற்று வரட்டும் என்று கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிடுவார். எண் இன்னும் ஏறும்.

அந்த முகம் மனிதர்கள் உட்காரும் ஹாலுக்காக வரைந்தது. பெட்டிக்குள் இருக்கும் பியர்டட் டிராகனின் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம். மீட்டர் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் 55, டிராகனுக்குக் கொஞ்சம் அதிகம். டிராகனுக்கு ரொம்பச் சரியான 35 வந்தால் முகம் மறுபடியும் வாடிவிடும். ஆக, சிரித்தாலும் தப்பு, அழுதாலும் தப்பு. இதை ஊர்வன வளர்ப்போருக்கென்றே தயாரித்தது என்று அட்டையில் ஓணான் படம் போட்டு விற்கிறார்கள்.

சரி, முகத்தை விடுவோம். அளப்பது எப்படி? அங்கேதான் என்னால் திட்ட முடியவில்லை. உப்புச் சோதனை செய்து பார்த்தேன். பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, கரையாமல் ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவந்து, சென்சாரோடு சேர்த்து ஜிப் கவரில் போட்டு ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். உள்ளே ஈரப்பதம் 75-ல் வந்து நிற்கும், நம் வீட்டுச் சமையல் உப்பே போதும். இது 78 காட்டியது. இந்த விலைக்கு மூன்று புள்ளி தப்புவது ஒன்றுமே இல்லை. இதற்கு முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த முள் மீட்டர், வெயிலோ மழையோ, அறுபதை விட்டு அசையாது. அப்புறம் ஒன்று: இந்த வகை சென்சார்கள் நீண்ட நாள் எண்பதுக்கு மேலேயே ஊறிக்கிடந்தால் உள்ளதைவிடக் கூட்டிக் காட்ட ஆரம்பிக்கும். நம் ஊர் மழைக்காலத்துக்குப் பிறகு ஒருமுறை உப்பில் வைத்துப் பார்ப்பது நல்லது.

எண் சரியாக இருந்தாலும் அது எந்த இடத்து எண் என்று பார்க்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் பலர் இதில்தான் பயந்துபோகிறார்கள். 27 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை, ஒரு சொட்டுத் தண்ணீர் கூட்டாமல் குறைக்காமல், 38 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 43-க்கு இறங்கிவிடும். காற்று அதேதான், சூடானதால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு கூடிவிட்டது. எனவே பெட்டியின் குளிர்ந்த மூலையில் 78 என்று மீட்டர் கதறும்போதே, பாஸ்கிங் லைட்டுக்கு, அதாவது அவன் சூடு காய மாட்டிய விளக்குக்குக் கீழே கல்லின் மேல் படுத்திருப்பவன் கிட்டத்தட்ட தனக்கு வேண்டிய வறட்சியில்தான் இருக்கிறான். அங்கே அவன் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தால் மூச்சுத்திணறல் என்று பதற வேண்டாம், உடம்புச் சூட்டைத் தணிக்கிறான். குளிர்ந்த பக்கத்திலும் வாயைத் திறந்தபடி, மூக்கில் சளிக் குமிழியோடு இருந்தால்தான் டாக்டரிடம் ஓட வேண்டும். ஈரமும் குளிரும் சேர்ந்து நாள்கணக்கில் நீடிப்பதுதான் நுரையீரலுக்கு ஆபத்து.

அப்படிப்பட்ட நாட்கள் நமக்கும் வந்தன. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கரண்ட் போய், லைட் இல்லாமல் பெட்டி சூடேறவே இல்லை. ஈரப்பதம் 95-க்குப் போய் உட்கார்ந்துகொண்டது. முகம் எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அன்றுதான் இந்த டப்பாமேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. குறைந்தபட்ச வெப்பநிலையை அது நினைவில் வைத்திருக்கும். பட்டனை அழுத்தினால் 23.1. டிராகன் ராத்திரியில் தாங்கக்கூடிய அளவுதான் அது. தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே எடுத்துவிட்டு, ஈரமான விரிப்பை உருவி, பழைய செய்தித்தாளைப் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

அக்னி நட்சத்திரத்தில் இதே பட்டன் இன்னொரு வேலை செய்தது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், குளிர்ந்த மூலையில் அதிகபட்சம் 35.8 என்று காட்டும். அந்த மூலை முப்பதைத் தாண்டினாலே டிராகனுக்கு ஒதுங்க இடமில்லை என்று அர்த்தம். எத்தனை மணிக்கு ஏறியது என்று மீட்டர் சொல்லாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து, மதியம் ஒருமுறை, நான்கு மணிக்கு ஒருமுறை என்று நினைவை அழித்து அழித்துப் பார்த்தேன். உச்சம் வந்தது நான்கு மணிக்கு மேல்தான். கடல்காற்று அடிக்க ஆரம்பித்து, தெருவில் ஜனங்கள் பெருமூச்சு விட்ட பிறகு! மேற்குச் சுவர் பகலெல்லாம் வாங்கிய வெயிலை அப்போதுதான் உள்பக்கம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. பெட்டியை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். அதிகபட்சம் 32-க்கு வந்தது. பாஸ்கிங் லைட்டையும் மதியத்தோடு அணைத்து, புற ஊதாக் கதிர் தரும் யூவிபி டியூபை மட்டும் எரியவிட்டதில் மிச்சமும் இறங்கியது.

சில்லறைக் குறைகளும் உண்டு. சென்சாரை ஒட்ட வரும் ரப்பர் உறிஞ்சிக் கப் வெயில் காலத்தில் நிற்காது, நேராகத் தண்ணீர்க் கிண்ணத்தில் விழும். வயரை ஒயர் டையால் கட்டிவிடுங்கள். உப்புக்காற்றில் பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு பிடித்து, ஒருநாள் திரை மங்கிப்போனது. பள்ளிக்கூட அழிரப்பரை மெலிதாகச் சீவி உள்ளே விட்டுத் தேய்த்தேன், உயிர் வந்துவிட்டது. செல் கழற்றி மாட்டியதும் நினைவெல்லாம் அழிந்துவிட்டது. முகம் மட்டும் முதல் நொடியிலேயே அழுதபடி வந்தது.

ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வெட்டி முகத்தின் மேல் ஒட்டினேன். ராத்திரி இருட்டில் டிராகனுக்குத் தீனியாகப் போட்டு, பெட்டிக்குள்ளிருந்து தப்பிய கிரிக்கெட் பூச்சி ஒன்று டேப்பின் ஓரத்தைக் கடித்து வைத்ததில், இப்போது ஒரு கண்ணும் தொங்கிய உதட்டில் பாதியும் தெரிகிறது. முழு முகத்தைவிட இது மோசம்.

நண்பனே, உன் கேள்விக்கு வருகிறேன். துல்லியம் நன்றாக இருக்கிறது. உழைக்கிறது. குறைந்தபட்சம், அதிகபட்சம் காட்டும் அந்த ஒரு பட்டனுக்காகவே பணம் கொடுக்கலாம். கல்லின் சூட்டுக்கு மட்டும் இதை நம்பாதே, அதற்குத் தொடாமலேயே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு கன் வேறு வாங்கிக்கொள். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் இரண்டு. அநியாயம்தான், தெரிகிறது. இருந்தாலும் இரண்டுதான், பாதி விலைக்கு வந்தாலும் இரண்டுதான். அதே பக்கத்தில் கீழே இன்னொரு மாடல் இருக்கிறது பார், நூறு ரூபாய் கூட. இரண்டு எண், ஒரு பட்டன், முகம் கிடையாது. சென்சார் இதைவிடச் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, உப்பில் வைத்துக் கழித்துக்கொள்ளலாம். அதை ஆர்டர் போடு. எனக்கும் சேர்த்து இரண்டாகப் போடு, பணத்தை ஜிபே பண்ணிவிடுகிறேன்.