ரூஃபஸ்: பூட் ஆகாத டிவிடிக்கு நம்பகமான மாற்று

விண்டோஸ் நிறுவல் டிவிடியைப் போட்டும் கணினி அதைக் கண்டுகொள்ளாமல் வன்தட்டிலிருந்தே துவங்கினால், பயாஸில் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) பூட் வரிசை, அதாவது எதிலிருந்து முதலில் துவங்குவது என்ற வரிசை, சரியாக உள்ளதா என்பதையும், ஐஎஸ்ஓ கோப்பு (முழு வட்டின் நகலை அடக்கிய ஒற்றைக் கோப்பு) அப்படியே நகலெடுக்கப்படாமல், உள்ளடக்கம் விரிக்கப்பட்டு இமேஜாக எழுதப்பட்டதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். வட்டைத் திறந்ததும் ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் தெரிந்தால், அந்த வட்டு ஒருநாளும் பூட் ஆகாது.

இவை சரியாக இருந்தும் பலனில்லை எனில், தேய்ந்துபோன டிவிடி டிரைவோடு மல்லுக்கட்டுவதைவிட, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ் தயாரிப்பதே மேல் என்பேன். 2011 முதல் கிடைத்துவரும் இந்தச் சிறிய மென்பொருளை இன்ஸ்டால் செய்யவே தேவையில்லை. பார்ட்டிஷன் முறையை (சேமிப்பிடத்தைப் பிரித்துவைக்கும் விதம்) நம்மிடமே கேட்பது இதன் பெரிய பலம்: பயாஸுக்குப் பதிலாகப் புதிய கணினிகளில் வரும் யூஇஎஃப்ஐ முறைக்கு ஜிபிடி என்ற பார்ட்டிஷன் முறையும், பழைய பயாஸுக்கு எம்பிஆர் என்ற முறையும் பொருந்தும், இதை மாற்றித் தேர்ந்தால் பென்டிரைவ் பூட் மெனுவில் தலைகாட்டாமலே போகக்கூடும். ஃபேட்32 என்ற கோப்புச் சேமிப்பு முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் தொல்லை தரும் பெரிய நிறுவல் கோப்புகளை, இந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் முறையில் எழுதி, அதைத் துவக்கித் தரும் சிறு பார்ட்டிஷனையும் ரூஃபஸ் தானே சேர்த்துவிடுகிறது.

விண்டோஸில் மட்டுமே இயங்குவது குறைதான். இருக்கும் ஒரே கணினியும் படுத்துவிட்டால் பக்கத்து வீட்டு லேப்டாப்பைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பென்டிரைவில் இருப்பவை முழுவதும் அழிந்துவிடும் என்பதால், அவற்றை முன்கூட்டியே வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.