ஏபிள்டன் லைவின் க்ளூ கம்ப்ரசர்: மாஸ்டர் பஸ்ஸில் எவ்வளவு உதவுகிறது?

கம்ப்ரசர் என்பது உரத்த ஒலிகளை அமுக்கிச் சமப்படுத்தும் கருவி; மாஸ்டர் பஸ் என்பது பாட்டின் எல்லாத் தடங்களும் கலந்து வெளியேறும் இறுதி வழி. 1980களின் புகழ்பெற்ற மிக்ஸிங் கன்சோல் ஒன்றில் இருந்த பஸ் கம்ப்ரசரை முன்மாதிரியாகக் கொண்டு, சைட்டோமிக் நிறுவனத்துடன் சேர்ந்து ஏபிள்டன் உருவாக்கிய க்ளூ கம்ப்ரசர், 2013இல் வெளிவந்த லைவ் 9 முதல் அந்த இசைத் தயாரிப்பு மென்பொருளின் ஸ்டாண்டர்ட், சூட் பதிப்புகளுடனேயே வருகிறது. தனித்தனியாகப் பதிவான தாளமும் குரலும் கீபோர்டும் ஒன்றாக வாசிக்கப்பட்டவைபோல் ஒட்டிக்கொள்வதால் பசை எனப் பொருள்படும் க்ளூ என்ற பெயர் இதற்குப் பொருந்துகிறது.

ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 2, அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 30 மில்லி விநாடி, ரிலீஸ் (அமுக்கியதை விடுவிக்க எடுக்கும் நேரம்) ஆட்டோ என்று வைத்து, பாட்டின் மிக உரத்த பகுதியை ஓடவிட்டு, அமுக்கும் அளவைக் காட்டும் முள் 1 அல்லது 2 டெசிபல் அசையும்வரை, அமுக்கம் தொடங்கும் ஒலியளவான த்ரெஷோல்டை இறக்குவதே என் வழக்கம். அண்மையில் நிமிடத்துக்கு 96 துடிப்புகள் கொண்ட ஒரு தோலக் பாட்டில் ரிலீஸை 0.6 விநாடிக்கு மாற்றிப் பார்த்தேன். ஒரு துடிப்பின் நீளமும் ஏறத்தாழ அவ்வளவே என்பதால், ஒவ்வோர் அடிக்கும் சாய்ந்த முள் அடுத்த அடி விழுவதற்குள் நிமிர்ந்துகொண்டது, பாட்டும் தாளத்தோடு சேர்ந்து நடந்தது. அதையே 0.1 ஆக்கியதும், அடிகளுக்கு நடுவே ஹார்மோனியம் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கியது. அட்டாக்கை மிகக் குறைத்தால் தோலக்கின் முதல் தட்டே மழுங்கிவிடுகிறது.

கிக் டிரம்மும் பேஸும் கனமாக உள்ள பாடல்களில் அவற்றின் வலுவே கம்ப்ரசரை இயக்கி, கூடவே குரலையும் அமுக்கிவிடும். கம்ப்ரசர் எந்த ஒலிக்கு இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சைட்செயின் பகுதியைத் திறந்து, அங்குள்ள ஈக்யூவில் தாழ்ந்த ஒலிகளை வடிக்கும் ஹைபாஸ் ஃபில்டரை 100 ஹெர்ட்ஸ் அளவில் வைத்தால் இது பெருமளவு அடங்குகிறது.

அமுக்கியதால் குறைந்த ஒலியை ஈடுசெய்யும் மேக்கப்பை ஏற்றியபின் ஒலி கூடுவதாலேயே எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். கருவியை அணைத்தும் போட்டும் ஒரே அளவில் கேட்காமல் எதையும் முடிவுசெய்ய வேண்டாம். மிக்ஸை முடித்த பிறகு இதைச் சேர்த்து, குரல் முன்னே வந்து தாளம் பின்னே போய்விட, ஒரு நாள் முழுவதும் தடங்களின் ஒலியளவை மாற்றும் ஃபேடர்களைத் திருத்திக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு. இப்போது தாளமும் பேஸும் நிலைபெற்றவுடனேயே இதைப் போட்டுவிடுகிறேன்.

அசல் ஒலியையும் அமுக்கிய ஒலியையும் கலக்கும் டிரை/வெட் குமிழ் பயனுள்ளது, அமுக்கத்தின் உச்ச அளவை வரையறுக்கும் ரேஞ்சை அரிதாகவே தொடுகிறேன். வெளியீட்டை -0.5 டெசிபலுக்குள் மட்டுப்படுத்தும் சாஃப்ட் பொத்தானை மாஸ்டரிங்குக்கு (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி மெருகூட்டலுக்கு) அனுப்பும் கோப்புகளில் அணைத்தே வைக்கிறேன்.