பத்து மணி டப்பா: கொய்யாத் துண்டா, அகார் அகாரா, பீட்ரூட் பணியாரமா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் காலை ஆறரைக்கு நான் கட்டிக்கொடுக்கும் டப்பாவைப் பிள்ளைகள் பள்ளியில் திறக்கும்போது மணி பத்தாகிவிடும். மூன்றரை மணி நேரம் இந்த வெக்கையில் அது பையின் அடியில் கிடக்க வேண்டும். பழத்திலோ காய்கறியிலோ கலர் கலராக எது செய்தாலும் நான் முதலில் யோசிப்பது, பத்து மணிக்கு அது எப்படி இருக்கும் என்றுதான். மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில் கடைசியில் நின்றவை மூன்று: வெட்டிய பழம், பழம் போட்ட அகார் அகார் ஜெல்லி, காய் கலந்த குழிப்பணியாரம்.

சத்து என்று பார்த்தால் வெட்டிய பழத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதிலும் கொய்யா. 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி ஏறக்குறைய 228 மில்லிகிராம். அதே எடை ஆரஞ்சில் 53 தான். பீடோர் கொய்யா நம் பேராக்கிலேயே விளைகிறது, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தேடி அலைய வேண்டியதில்லை. சிக்கல் கூட்டுச் சேர்க்கும்போதுதான் வரும். அழகாக இருக்கட்டும் என்று தர்பூசணியையும் டிராகன் பழத்தையும் கூட வைத்தால், தர்பூசணி தண்ணீர் விட்டுவிடும், டிராகன் பழத்தின் சாயம் எல்லாவற்றிலும் ஏறிவிடும், கொய்யா அதில் ஊறித் தொளதொளத்துப் போகும். அதனால் டப்பாவுக்குக் கொய்யாவும் செங்குவாங் கிழங்கும் மட்டும். இரண்டும் கடித்தால் நறுக்கென்று இருக்கும், தண்ணீர் விடாது. தர்பூசணியைச் சாயங்காலம் வீட்டில் வெட்டிக் கொடுக்கலாம்.

அசாம் போய்த் தூளை (உப்பிட்டுக் காயவைத்த பிளம் பழத் தூள்) நான் தூவுவதில்லை. அது உப்பும் இனிப்பும் கலந்தது. பழகிவிட்டால் பிள்ளை தூளைத்தான் கேட்கும், கொய்யாவை அல்ல. தோட்டத்து வீட்டில் அம்மா எங்களுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்த துளி உப்பு, மிளகாய்த் தூளே போதும். இன்னொன்று: திராட்சையை முழுசாக வைக்காதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும்.

அகார் அகார் பார்க்க ராஜா மாதிரி இருக்கும். கடற்பாசியில் இருந்து வருவதால் சைவம்; ஒருமுறை உறைந்துவிட்டால் நம் ஊர் வெயிலுக்கும் உருகாது. ஜெலட்டினில் பச்சை அன்னாசியைப் போட்டால் உறையவே உறையாது, இதில் அந்தத் தொல்லையும் இல்லை. வேலியில் பூக்கும் சங்குப்பூவைச் சுடுநீரில் போட்டால் நீலம், அதில் நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் ஊதா. என் மகள் அடுப்படியை விட்டு நகரவே மாட்டாள். ஆனால் கணக்குப் பாருங்கள். நாங்கள் வழக்கமாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் சீனி போடுகிறோம், ஒரு துண்டுக்குள் இருக்கும் மாம்பழமோ ரெண்டு சிட்டிகை. அதைப் பழப் பலகாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறந்தநாளுக்குச் செய்வோம்.

அப்புறம் பணியாரம். இதில்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். முதல் தடவை பீட்ரூட்டை அரைத்துச் சாறாக மாவில் ஊற்றினேன். மாவு நீர்த்துப் போய்ச் சட்டியில் ஒட்டிக்கொண்டது, மேல்புறம் பழுப்பேறி ரோஸ் நிறமே தெரியவில்லை. இப்போது பீட்ரூட்டைச் சன்னமாகத் துருவி, சட்டியில் ஊற்றப்போகும் நேரத்தில்தான் புளித்த இட்லி மாவில் கலக்கிறேன். சின்னத் தீ, மூடி போட்டு வேகவிட வேண்டும். ரொம்ப நேரம் வெந்தால் நிறம் மங்கிவிடும். கேமரன் மலையிலிருந்து வரும் கேரட்டில் ஒரு ஈடு, பாயம் கீரையைப் பொடியாக நறுக்கி ஒரு ஈடு. கேரட்டின் பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். குழியில் விடும் அரைக் கரண்டி அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இதை வைத்துக்கொண்டு மதியச் சோற்றில் காயைக் குறைத்துவிடக் கூடாது. ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 350 கிராம் காய்கறி, பழம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. ஆறு பணியாரத்தில் ஒரு சின்னக் கேரட் போயிருந்தால் பெரிது.

ஆனாலும் பத்து மணிக்குப் பணியாரம்தான் நிற்கிறது. ஆறினாலும் மெத்தென்று இருக்கும், வயிறும் நிறையும். கொய்யாவை டப்பாவின் பக்கத்துத் தடுப்பில் தனியாக வைத்தால் இரண்டுமே கிடைத்துவிடும். ஒன்றுதான் முடியும் என்கிற அவசர நாளில் நான் பணியாரத்தையே எடுப்பேன்.

பணியாரம் வெளியே எல்லாம் ஒரே பழுப்பு. கடித்தால்தான் உள்ளே என்ன நிறம் என்று தெரியும். மூன்று நிறத்தையும் கலந்து வைத்துவிடுகிறேன். மத்தியானம் சின்னவன் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே, "மா, இன்னிக்குச் சிவப்பு மூணு, பச்சை ஒண்ணுதான் வந்துச்சு" என்கிறான்.